மைனி மருந்து டிரையலில் சேரலாமா?

கருங்கல் பக்கத்திலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். அவருடைய மைனிக்கு, அதாவது அண்ணன் மனைவிக்கு, 34 வயது. பத்து வருடமாக மாதவிலக்கு வந்தால் முதல் மூன்று நாள் சுருண்டு படுக்க வைக்கிற வலி. போன வருடம்தான் அதற்கு எண்டோமெட்ரியோசிஸ் என்று பெயர் தெரிந்திருக்கிறது; கர்ப்பப்பையின் உள்சவ்வு போன்ற திசு கர்ப்பப்பைக்கு வெளியே வளர்கிற நோய் அது. இடது சினைப்பையில் 4 சென்டிமீட்டர் அளவில் சாக்லேட் சிஸ்ட், அதாவது பழைய இரத்தம் தேங்கிய கட்டி. திருவனந்தபுரத்தில் பார்க்கிற டாக்டர், "புது மாத்திரை ஒன்று டிரையலில் இருக்கு. 24 வாரம். எல்லாம் இலவசம், வண்டிக்கூலியும் உண்டு. சேருகிறீர்களா?" என்று கேட்டிருக்கிறார். கையில் கொடுத்துவிட்ட படிவம் மலையாளத்தில் இருக்கிறது. வியாழக்கிழமை கையெழுத்துப் போட வரச் சொல்லியிருக்கிறார்கள். அண்ணன் கல்ஃபில் வேலை, டிசம்பரில் லீவில் வருகிறார். ஆறு வயதில் ஒரு பையன். அம்மா, "மருமவள எலியாக்கிப் போடுவாவ, அனுப்பாத" என்கிறார். "எனக்க மைனி சேரலாமா, கூடாதா? ஒரே வார்த்தையில சொல்லுங்க அக்கா" என்று கேட்டிருக்கிறார் தங்கச்சி.

ஒரே வார்த்தையில் சொல்ல முடியவில்லை, தங்கச்சி. ஆனால் ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன்: இந்த வியாழக்கிழமை கையெழுத்துப் போட வேண்டாம். சேருவது, சேராதது எல்லாம் அதற்குப் பிறகு பேசுவோம்.

நான் 11 வருடம் ஆய்வுச் செவிலியராக வேலை பார்த்தவள். பேறுகால இரத்தப்போக்கு, இரத்தசோகை, கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் என்று பெண்கள் சம்பந்தப்பட்ட ஆய்வுகள்தான் பெரும்பாலும். படிவத்தை வாசித்துக் காட்டியது, இரத்தம் எடுத்தது, ராத்திரி பன்னிரண்டு மணிக்கு "அக்கா, தல சுத்துது" என்று வந்த போனை எடுத்தது எல்லாம் நான்தான். அதனால் இதைப் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை.

முதலில் அந்த மலையாளப் படிவம். நம் மாவட்டத்தில், அதுவும் விளவங்கோடு, கிள்ளியூர் பக்கத்தில், மலையாளம் காதுக்கும் நாக்குக்கும் பழகிய மொழி. திருவனந்தபுரம் தம்பானூரில் இறங்கி ஆஸ்பத்திரிக்கு வழி கேட்பதற்கோ டாக்டரிடம் நோவைச் சொல்வதற்கோ நமக்குத் தடை இல்லை. ஆனால் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்தவர்கள் எத்தனை பேர்? அதுவும் பதினைந்து இருபது பக்கம், சட்டமும் மருத்துவமும் கலந்த வாசகங்கள். இந்தியாவில் மருந்து ஆய்வுகளைக் கட்டுப்படுத்துவது 2019 மார்ச்சில் வந்த புதிய மருந்துகள் மற்றும் மருத்துவ ஆய்வு விதிகள். பங்கேற்பவருக்குப் புரிகிற மொழியில் எழுத்தில் தகவல் கொடுத்துத்தான் ஒப்புதல் வாங்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. அங்கே இருக்கிற ஒரு சிஸ்டர் வாயால் தமிழில் சொல்லிக் கையெழுத்து வாங்கினால் போதாது. தமிழ்ப் படிவத்தையும் நெறிமுறைக் குழு, அதாவது ஆய்வு நியாயமாக நடக்கிறதா என்று பார்க்கிற குழு, பார்த்து அனுமதித்திருக்க வேண்டும். "எனக்குத் தமிழ்ப் படிவம் வேணும்" என்று மைனி கேட்டால் அது வீம்பு ஆகாது, அவருக்கு உள்ள உரிமை. தயாராக இல்லை என்றால் தயாரித்துத் தரட்டும். பத்து வருட வலியைப் பொறுத்தவர் இன்னும் மூன்று வாரம் பொறுக்கலாம்.

தமிழ்ப் படிவம் வந்ததும் அதை வீட்டுக்கு எடுத்து வரச் சொல்லுங்கள். இது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை ஒருவரை வைத்துச் சொல்கிறேன்.

இரத்தசோகை ஆய்வு ஒன்றுக்கு ஒரு அம்மா வந்திருந்தார். அண்டி ஆபீஸில், அதாவது முந்திரி ஆலையில், தோடு உடைக்கிற வேலை. முந்திரித் தோட்டு எண்ணெய் பட்டுப் பட்டு விரல் நுனியெல்லாம் வெந்து, கறுத்து, வழுவழுவென்று ஆகியிருந்தது. படிக்கத் தெரியாதவர் என்பதால் விதிப்படி, ஆய்வுக்குச் சம்பந்தமில்லாத ஒருவரைச் சாட்சியாக உட்கார வைத்து, படிவத்தை முதல் பக்கத்திலிருந்து வாசித்தேன். முக்கால் மணி நேரம் அசையாமல் கேட்டார். கைநாட்டு வைக்கும் இடம் வந்ததும், பழக்கத்தில், நான் கேட்பதற்கு முன்பே மைப்பெட்டியில் விரலை ஒற்றித் தாளில் பதித்துவிட்டார். தாளில் ரேகை விழவில்லை. நீல வட்டம் மட்டும் விழுந்தது. மறுபடி ஒற்றினார், மறுபடியும் வட்டம். அந்த இடைவெளியில்தான் அவருக்குக் கேள்வி வந்தது. "இரத்தம் இல்லேன்னு வந்தவகிட்ட எத்தன குப்பி இரத்தம் எடுப்பிய?"

கணக்குப் போட்டுச் சொன்னேன். ஒரு தடவைக்கு மூன்று குழாய், 12 மில்லி, அதாவது இரண்டரைத் தேக்கரண்டி. ஏழு தடவை வரவேண்டும். மொத்தம் 84 மில்லி, சாயா கிளாசில் முக்கால் அளவு. அவர் யோசித்துவிட்டு, "அப்ப மவ கிட்ட கேட்டுட்டு வாறேன்" என்று தாளை மடித்து மடியில் வைத்துக்கொண்டு எழுந்துவிட்டார். இரண்டு நாள் கழித்து, பிளஸ் டூ படிக்கிற மகள் நோட்டுத் தாளில் எழுதிக் கொடுத்த மூன்று கேள்விகளோடு வந்தார். மூன்றாவது கேள்வி: ஏழு நாளும் வேலைக்குப் போக முடியாதே, அந்தக் கூலியை யார் தருவார்கள்? எங்கள் படிவத்தில் பஸ் காசு இருந்தது, நாள் கூலி இல்லை. அவர் சேரவில்லை. நான் அந்தக் கேள்வியை நெறிமுறைக் குழுவுக்கு எழுதி அனுப்பினேன், அடுத்த திருத்தத்தில் இழந்த கூலிக்கும் தொகை சேர்க்கப்பட்டது. அவருக்குப் பிறகு வந்த பெண்கள் எல்லோருக்கும் அது கிடைத்தது. தாளை வீட்டுக்குக் கொண்டு போனதால் நடந்தது இது.

இனி அம்மா சொன்ன எலி. அம்மாவைக் கோபிக்காதீர்கள். அந்தப் பயம் சும்மா வந்ததில்லை. 2009-இல் அன்றைய ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வடோதராவிலும் 10 முதல் 14 வயதுவரை உள்ள இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட பெண் குழந்தைகளுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் ஹெச்.பி.வி. தடுப்பூசி போட்டார்கள். செயல்விளக்கத் திட்டம் என்று அதற்குப் பெயர். ஏழு பிள்ளைகள் இறந்துபோனார்கள். அந்தச் சாவுகளுக்குத் தடுப்பூசி காரணம் இல்லை என்றுதான் விசாரணைக் குழு சொன்னது. ஆனால் ஒப்புதல் வாங்கிய விதம் வெளியே வந்தபோது நாடே அதிர்ந்தது. விடுதியில் தங்கிப் படித்த பழங்குடிப் பிள்ளைகளுக்குப் பெற்றோருக்குப் பதிலாக வார்டன்களும் தலைமையாசிரியர்களும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். 2010 ஏப்ரலில் அரசு அதை நிறுத்தியது. 2013-இல் நாடாளுமன்ற நிலைக்குழு கடுமையாகக் கண்டித்து அறிக்கை கொடுத்தது. அதே வருடம் உச்ச நீதிமன்றமும் தலையிட்டது. எளிதில் பாதிக்கப்படக்கூடியவர்களிடம் புது மூலக்கூறு மருந்துக்கு ஒப்புதல் வாங்கும்போது வீடியோ பதிவு செய்ய வேண்டும் என்ற விதியெல்லாம் இந்த மாதிரிக் காயங்களிலிருந்து பிறந்ததுதான்.

இந்தக் கதைக்கு இன்னொரு பாதி உண்டு. அதை அம்மாவுக்கும் சொல்லுங்கள். கம்மம் சம்பவத்தால் நாட்டில் எல்லா ஹெச்.பி.வி. ஆய்வுகளிலும் ஊசி போடுவதை நிறுத்தச் சொன்னார்கள். அப்போது தனியாக இன்னொரு ஆய்வு நடந்துகொண்டிருந்தது. இரண்டு டோஸ் போதுமா, மூன்று வேண்டுமா என்று பார்க்கிற ஆய்வு. திண்டுக்கல் மாவட்டம் அம்பிளிக்கையும் அதில் ஒரு மையம். திடீரென்று நிறுத்தியதால் ஏறத்தாழ 5,000 பெண் பிள்ளைகள் ஒரே ஒரு டோஸோடு நின்றுபோனார்கள். ஆய்வு பாழ் என்றுதான் அப்போது நினைத்தார்கள். ஆனால் அந்தப் பிள்ளைகளும் குடும்பங்களும் விட்டுவிடவில்லை. கல்யாணமாகி, பிள்ளை பெற்ற பிறகும் கூப்பிட்டபோது வந்து சாம்பிள் கொடுத்தார்கள். 2021-இல் வந்த முடிவு: ஆபத்தான இரண்டு வைரஸ் வகைகள் உடலில் நிலைத்துத் தங்குவதை ஒரே டோஸ் 95.4 சதவீதம் தடுத்திருந்தது. மூன்று டோஸுக்குக் கிட்டத்தட்ட அதே பலன். 2022-இல் உலக சுகாதார நிறுவனம் ஒரு டோஸே போடலாம் என்று ஏற்றுக்கொண்டதற்கான ஆதாரங்களில் இதற்குப் பெரிய இடம் உண்டு. ஒரு டோஸ் என்றால் செலவு மூன்றில் ஒன்று, பள்ளிக்கூடத்திலேயே போட்டு முடிக்கலாம். நம் பேத்திமாருக்குப் போடப்போகிற அந்த ஓர் ஊசிக்குப் பின்னால் பத்து வருடம் திரும்பத் திரும்ப வந்து நின்ற பெண்கள் இருக்கிறார்கள்.

அம்பிளிக்கையைச் சொன்னதும் இன்னொன்று ஞாபகம் வருகிறது. 2000-இல் அங்கே 30 முதல் 59 வயதுவரை உள்ள பெண்களிடம் ஓர் ஆய்வு தொடங்கியது. இரண்டு பிரிவும் சேர்த்து 80,000 பேர். பயிற்சி பெற்ற நர்சுகள் வினிகரில் உள்ள அசிட்டிக் அமிலத்தைக் கர்ப்பப்பை வாயில் தடவி வெள்ளையாகிறதா என்று பார்ப்பார்கள், அவ்வளவுதான் பரிசோதனை. 2007-இல் வந்த முடிவின்படி, பரிசோதனை நடந்த ஊர்களில் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் 25 சதவீதமும் அதனால் வரும் சாவு 35 சதவீதமும் குறைந்திருந்தன. இந்தியாவில் நடந்த இது போன்ற ஆய்வுகளில் ஒப்பீட்டுக்காகப் பரிசோதனை செய்யாமல் விடப்பட்ட பிரிவுப் பெண்களைப் பற்றிப் பிறகு கடுமையான விவாதம் எழுந்தது, அது நியாயமான விவாதம் என்றே நானும் நினைக்கிறேன். ஆனாலும் இன்றைக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு நர்ஸ் அந்தப் பரிசோதனையைச் செய்ய முடிகிறது என்றால் அந்த ஊர்ப் பெண்கள்தான் காரணம்.

பெண்களை வைத்து ஆய்வு செய்யவில்லை என்றால் என்ன ஆகும் என்பதும் தெரிந்த கதைதான். கர்ப்பிணிகள் எடுத்த தாலிடோமைடு மாத்திரையால் கைகால் வளராமல் குழந்தைகள் பிறந்த பிறகு பயந்துபோய், பிள்ளை பெறக்கூடிய வயதுப் பெண்களை ஆரம்பகட்ட ஆய்வுகளில் சேர்க்க வேண்டாம் என்று அமெரிக்கா 1977-இல் வழிகாட்டியது. 1993-இல்தான் மாற்றினார்கள். ஆண் உடம்பில் பார்த்த டோஸையே பெண்ணுக்கும் கொடுத்தார்கள். சோல்பிடெம் என்ற தூக்க மாத்திரை பல வருடம் விற்ற பிறகு, 2013-இல்தான், பெண்களுக்கு 10 மில்லிகிராம் அதிகம், 5 போதும் என்று குறைத்தார்கள். கொரோனா காலத்தில் கர்ப்பிணிகளைத் தடுப்பூசி ஆய்வுகளில் சேர்க்காததால், நம் நாட்டில் 2021 ஜூலைவரை அவர்களுக்கு ஊசி கிடையாது. இரண்டாம் அலை முடிந்த பிறகு வந்த அனுமதி அது.

அதனால் "டிரையலா, ஐயோ" என்று ஓடவும் வேண்டாம், "பெரிய ஆஸ்பத்திரி, இலவசம்" என்று விழவும் வேண்டாம். மைனி கேட்க வேண்டியது எலியா இல்லையா என்பதை அல்ல. எண்டோமெட்ரியோசிஸ் உள்ள, 34 வயதான, டிசம்பரில் கணவர் வரப்போகிற ஒரு பெண் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு.

அதில் முதல் கேள்வி மைனி தன்னிடமே கேட்க வேண்டியது: இன்னொரு குழந்தை வேண்டுமா?

இந்த மாதிரி ஆய்வில் இருக்கும்போது கர்ப்பம் கூடாது. ஒவ்வொரு தடவையும் சிறுநீரில் கர்ப்பப் பரிசோதனை இருக்கும். கணவர் ஊரில் இல்லை என்றாலும் கல்யாணமாகாத பெண் என்றாலும் செய்வார்கள், அதை அவமானமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கருத்தடைக்கு ஹார்மோன் மாத்திரை எடுக்க விடமாட்டார்கள், அது ஆய்வின் முடிவைக் குழப்பும் என்பதால் பெரும்பாலும் ஆணுறை போன்ற முறையைத்தான் சொல்வார்கள். இப்போது கணக்குப் பாருங்கள். ஆய்வுக்கு முன் பழைய ஹார்மோன் மருந்தை நிறுத்திக் காத்திருக்கும் வாரங்கள், பிறகு 24 வாரம், அதற்குப் பிறகு மருந்து உடம்பை விட்டுப் போகும் காலம். அண்ணன் லீவில் வருகிற டிசம்பர் அதற்குள் அடங்கிவிடும். 34 வயது, சினைப்பையில் சிஸ்ட், வருடத்துக்கு ஒரு லீவு. இரண்டாவது குழந்தை ஆசை இருந்தால் இந்த ஆய்வு மைனிக்கு உரியதல்ல என்பதே என் கருத்து. நேராகக் குழந்தைப்பேறு சிகிச்சை பற்றிப் பேச வேண்டியவர் அவர். இந்தக் கேள்விக்கு அண்ணனோடு போனில் உட்கார்ந்து பேசிப் பதில் காணட்டும். ஆய்வில் சேரச் சட்டப்படி கணவர் கையெழுத்து தேவையில்லை, முடிவு மைனியுடையது. ஆனால் இந்த ஒரு விஷயம் இரண்டு பேருடையது.

குழந்தை ஆசை இல்லை, ஒன்று போதும் என்றால் மேலே படியுங்கள்.

டிரையல் என்பது சிகிச்சை அல்ல. இதை எத்தனை தடவை சொன்னாலும் மனசில் நிற்காது, ஏனென்றால் அதே டாக்டர், அதே அறை, அதே வெள்ளைக் கோட்டு. சிகிச்சையில் டாக்டர் உங்கள் உடம்புக்கு எது நல்லது என்று பார்த்து மருந்தை மாற்றுவார், கூட்டுவார், குறைப்பார். ஆய்வில் ஒரு திட்டம் எழுதி வைத்திருப்பார்கள், எல்லோருக்கும் அதே திட்டம். கேட்க வேண்டிய கேள்விக்குத்தான் அங்கே முதலிடம், உங்கள் வலிக்கு இரண்டாமிடம். டாக்டர் கெட்டவர் என்று இதற்கு அர்த்தம் இல்லை. அவர் ஒரே நேரத்தில் இரண்டு வேலை பார்க்கிறார், அதை நாம் தெரிந்து வைத்திருக்க வேண்டும். "சேராவிட்டாலும் நீங்களே எனக்குத் தொடர்ந்து வைத்தியம் பார்ப்பீர்களா?" என்று மைனி கேட்கட்டும். ஆம் என்பதைத் தவிர வேறு பதில் வந்தால் அந்த இடம் சரியில்லை.

அடுத்தது சீட்டு. புது மாத்திரை யாருக்கு, மருந்தே இல்லாத வெறும் மாத்திரை யாருக்கு என்பதை டாக்டர் தீர்மானிப்பதில்லை. சீட்டுக் குலுக்கிப் போடுவது போலக் கம்ப்யூட்டர் தீர்மானிக்கும். யாருக்கு எது விழுந்தது என்று மைனிக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. படிவங்களில் இதற்கு "மருந்துப்போலி", "சமவாய்ப்பு முறை" என்று எழுதியிருப்பார்கள். நான் வாசித்துக் காட்டியபோது ஒரு பெண்கூட அந்த வார்த்தைகளைப் புரிந்துகொண்டதில்லை. "மருந்தே இல்லாத வெறும் மாத்திரை", "சீட்டுக் குலுக்கல்" என்று சொன்னால் முகம் தெளியும்.

வெறும் மாத்திரை எதற்கு என்று கோபம் வரும். வலி விஷயத்தில் அதற்குக் காரணம் இருக்கிறது. எலகோலிக்ஸ் என்ற மாத்திரை எண்டோமெட்ரியோசிஸ் வலிக்காக 2018-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதற்கு ஆதாரமான இரண்டு ஆய்வுகளில் சுமார் 1,700 பெண்கள் இருந்தார்கள். முதல் ஆய்வில் கூடுதல் டோஸ் எடுத்தவர்களில் 75.8 சதவீதம் பேருக்கும், குறைந்த டோஸ் எடுத்தவர்களில் 46.4 சதவீதம் பேருக்கும் மாதவிலக்கு வலி நன்றாகக் குறைந்தது. வெறும் மாத்திரை எடுத்தவர்களில்? 19.6 சதவீதம். ஐந்தில் ஒருவருக்கு மருந்தே இல்லாமல் குறைந்திருக்கிறது. அந்தப் பிரிவு இல்லாமல் போயிருந்தால் மருந்தின் உண்மையான பலன் எவ்வளவு என்று யாருக்கும் தெரிந்திருக்காது.

ஆனால் அதன் பாரம் வெறும் மாத்திரைப் பிரிவில் விழுகிற பெண்ணின் இடுப்பில்தான் விழுகிறது. மைனி இப்போது இந்த வலிக்குத் தருகிற டயனோஜெஸ்ட் என்ற ஹார்மோன் மாத்திரை எடுத்து ஓரளவு நிம்மதியாக இருந்தால், அதை நிறுத்திவிட்டு, 24 வாரம் ஒருவேளை ஒன்றுமே இல்லாமல் இருக்கத் தயாரா? என்றாவது ஒரு நாள் வலி தாங்காமல் போனால் எடுத்துக்கொள்ள மாத்திரை தருவார்கள். அது எந்த மாத்திரை, ஒரு நாளைக்கு எத்தனை, அதுவும் போதவில்லை என்றால் என்ன செய்வார்கள் என்று பெயரோடு கேட்டு வாங்க வேண்டும். டயனோஜெஸ்ட் எடுத்தும் கேட்கவில்லை, வேறு வழி தீர்ந்துவிட்டது என்றால் கணக்கே வேறு. அப்படிப்பட்டவர் சேருவதில் எனக்கு மறுப்பு இல்லை.

எலும்பு பற்றியும் கேட்க வேண்டும். புது மாத்திரை உடம்பில் ஈஸ்ட்ரோஜனைக் குறைக்கும் வகை என்றால் எலும்பின் அடர்த்தியும் குறையும். எலகோலிக்ஸின் கூடுதல் டோஸை ஆறு மாதத்துக்கு மேல் கொடுக்கக்கூடாது என்று கட்டுப்படுத்தியதற்கு அதுதான் காரணம். ஆரம்பத்தில் எலும்பு அடர்த்தியை அளக்கிற டெக்ஸா ஸ்கேன் ஒன்று, முடிவில் ஒன்று, முடிந்து சில மாதம் கழித்து ஒன்று உண்டா என்று படிவத்தில் பாருங்கள். நம் பெண்கள் பால் குடிப்பது குறைவு என்பதால் இதைச் சொல்கிறேன்.

பணம் பற்றிச் சுருக்கமாக. ஆய்வு மருந்துக்கோ, ஆய்வுக்காக எடுக்கிற டெஸ்டுக்கோ ஒரு பைசா மைனி கொடுக்கக்கூடாது. வண்டிக்கூலி எவ்வளவு, அன்றன்றைக்கே கையில் தருவார்களா என்பது படிவத்தில் இருக்க வேண்டும். நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் பெண்களுக்குத் தருவதாகச் சொன்ன பயணக் காசு ஐந்து மாதம் வரவில்லை. அந்தப் பெண்களின் முகத்தில் விழிக்க முடியாமல் நான் பட்டது எனக்குத்தான் தெரியும். குழித்துறையிலிருந்து ரயிலோ மார்த்தாண்டத்திலிருந்து பஸ்ஸோ, கூட ஒரு ஆள், மதியச் சாப்பாடு என்று கணக்குப் போட்டுக் கேளுங்கள். கேட்பதில் வெட்கம் இல்லை.

நஷ்டஈடு வேறு விஷயம். ஆய்வால் பாதிப்பு வந்தால் இலவச சிகிச்சை தர வேண்டும், ஆய்வு காரணமல்ல என்று நிரூபணமாகும்வரை அதை நிறுத்த முடியாது. உயிர்ச்சேதம் ஏற்பட்டால் 8 லட்சம் ரூபாயை அடிப்படையாக வைத்து ஒரு சூத்திரம் இருக்கிறது. வயது குறைந்தால் தொகை கூடும், ஏற்கெனவே இருந்த நோயின் ஆபத்து குறைவாக இருந்தாலும் கூடும். அந்தச் சூத்திரத்தில் சம்பளத்துக்கு இடமே இல்லை. வீட்டில் இருக்கிற பெண்ணுக்கும் பேங்க் மேனேஜருக்கும் அதே கணக்கு. இந்த நாட்டில் ஒரு பெண்ணின் உயிரை வருமானத்தால் அளக்காத கணக்கு இது என்பதில் எனக்கு ஒரு மரியாதை உண்டு. வெறும் மாத்திரை கொடுத்து, இருக்கிற சிகிச்சையைக் கொடுக்காமல் விட்டதால் பாதிப்பு வந்தாலும், வயிற்றிலிருக்கும் குழந்தைக்குப் பாதிப்பு வந்தாலும் நஷ்டஈட்டில் சேரும். படிவத்தில் வாரிசு பெயர் கேட்டிருப்பார்கள். அதைப் பார்த்து வீட்டில் யாரும் பதற வேண்டாம், விதி அப்படி எழுதச் சொல்கிறது.

ஆய்வு உண்மையானதா என்று பார்க்க வழி இருக்கிறது. இந்தியாவில் மருந்து ஆய்வுகள் எல்லாம் முதல் ஆளைச் சேர்ப்பதற்கு முன்பே சி.டி.ஆர்.ஐ. என்ற அரசுப் பதிவேட்டில் பதிவாக வேண்டும். 2007-இல் தொடங்கி 2009 ஜூனிலிருந்து கட்டாயம். படிவத்தில் சி.டி.ஆர்.ஐ. என்று தொடங்கி வருடம், மாதம், பிறகு ஓர் எண் இருக்கும். தங்கச்சி, நீங்கள் போனில் அந்த எண்ணைத் தட்டிப் பாருங்கள். எந்தக் கட்டம், பணம் கொடுப்பது யார், எந்தெந்த ஆஸ்பத்திரியில், நெறிமுறைக் குழு அனுமதி கிடைத்ததா எல்லாம் வரும். மைனி போகிற ஆஸ்பத்திரியின் பெயர் அந்தப் பட்டியலில் இருக்க வேண்டும். நெறிமுறைக் குழு என்பது ஆஸ்பத்திரி ஆட்கள் மட்டும் உட்காருகிற இடமல்ல. குறைந்தது ஏழு பேர், பாதிப்பேர் வெளியாட்கள், ஒரு பெண், ஒரு சட்டம் தெரிந்தவர், மருத்துவம் சாராத ஒரு சாதாரண ஆள் கட்டாயம். அந்தக் குழுவின் போன் நம்பர் படிவத்தில் அச்சாகியிருக்கும். டாக்டரிடம் சொல்ல முடியாததை அங்கே சொல்லலாம்.

நம் ஊர்க்காரர்களுக்கு மட்டும் உள்ள ஒரு சிக்கல் மிச்சம் இருக்கிறது. ஆய்வு நடப்பது திருவனந்தபுரத்தில், மைனி தூங்குவது கருங்கலில். ராத்திரி இரத்தப்போக்கு அதிகமானால் தூக்கிக்கொண்டு ஓடப்போவது மார்த்தாண்டத்துக்கோ ஆசாரிபள்ளம் மெடிக்கல் காலேஜுக்கோதான். அங்கே உள்ள டாக்டருக்கு இவர் ஒரு பெயரில்லாத மாத்திரை எடுக்கிறார் என்று எப்படித் தெரியும்? சேருகிறவர்களுக்கு ஓர் அட்டை தருவார்கள். ஆய்வின் பெயர், 24 மணி நேரமும் எடுக்கிற போன் நம்பர் அதில் இருக்கும். அவசரம் என்றால் என்ன மாத்திரை என்பதைத் திறந்து பார்க்கவும் அவர்களுக்கு வழி உண்டு. அட்டையை அலமாரியில் வைக்காமல் பர்சில் வைக்கச் சொல்லுங்கள், போட்டோ எடுத்து உங்கள் போனிலும் அண்ணன் போனிலும் வையுங்கள். வேறு ஆஸ்பத்திரியில் ஒரு நாள் அட்மிட் ஆனாலும் ஆய்வு டாக்டருக்குச் சொல்லியாக வேண்டும், தெரிந்த 24 மணி நேரத்துக்குள் அவர் மேலே அறிக்கை கொடுக்க வேண்டியவர். ஆய்வு டாக்டரைக் கேட்காமல் கோட்டாறு கஷாயமோ சித்த மருந்தோ சேர்த்து எடுக்க வேண்டாம். எடுத்துவிட்டால் மறைக்க வேண்டாம், யாரும் திட்ட மாட்டார்கள்.

நடுவில் பிடிக்கவில்லை என்றால் விலகலாம். காரணம் சொல்ல வேண்டியதில்லை. மாத்திரையை மட்டும் நிறுத்திவிட்டுப் போனை எடுக்காமல் இருந்துவிடாதீர்கள், ஒரு தடவை போய்க் கடைசிப் பரிசோதனையைச் செய்துகொண்டு வருவது மைனியின் உடம்புக்குத்தான் நல்லது. மாத்திரை நன்றாகக் கேட்டு, 24 வாரம் முடிந்ததும் நின்றுபோனால் பிறகு என்ன என்பதையும் முதல் நாளே கேட்டு வைக்க வேண்டும்.

வியாழக்கிழமை போகட்டும், ஆனால் படிவம் வாங்க மட்டும். பழைய ஸ்கேன் ரிப்போர்ட், இப்போது எடுக்கிற மாத்திரையின் அட்டை, கடைசி மூன்று மாதவிலக்கின் தேதி, ஒவ்வொன்றிலும் எத்தனை நாள் வலி, எத்தனை வலி மாத்திரை என்று ஒரு தாளில் எழுதிக் கொண்டு போகச் சொல்லுங்கள். எப்படியும் வலி டைரி எழுதச் சொல்வார்கள், இப்போதே பழகட்டும். உள்பரிசோதனை என்றால் பெண் ஒருவர் கூட நிற்க வேண்டும் என்று கேட்கலாம். நீங்களும் கூடப் போங்கள், அம்மா வரச் சம்மதித்தால் அவரையும் கூட்டிப் போய் அவர் கேள்வியை டாக்டரிடமே கேட்க வையுங்கள். தமிழ்ப் படிவம் கையில் கிடைத்ததும் எந்தப் பக்கம் புரியவில்லையோ அதை எழுதுங்கள், நான் வாசித்து விளக்குகிறேன்.